எச்சரிப்பு யாருக்கு? ஹிட்லர் காலத்து ஜேர்மன் திருச்சபையும் வேதாகமமும்

"தேவ எச்சரிப்பு" என்ற சொல்லைக் கேட்காத ஆள் எங்கட சபைகளில் இருக்க மாட்டார். கன்வென்ஷன் கூட்டம், உபவாச ஜெபம், வட்ஸ்அப்பில் வருகிற பிரசங்கத் துண்டுகள் என்று எல்லா இடத்திலும் அது வரும். பெரும்பாலும் பூமியதிர்ச்சி, கொள்ளைநோய், கடைசிக்காலம் பற்றியதாக இருக்கும். இல்லையென்றால் வேறு யாரோ செய்கிற பாவத்தைப் பற்றியதாக இருக்கும். அதோடு சேர்ந்து வருகிற இன்னொரு பேச்சு "வசனத்தில் நிலைத்திருங்கள்" என்பது. இரண்டும் நல்ல பேச்சுத்தான். ஆனால் ஒரு நாட்டின் முழுத் திருச்சபைக்கும் உண்மையிலேயே எச்சரிப்பு வந்த காலத்தில், வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் இந்தச் சொற்களின் பாரம் விளங்கும். அதற்காக நாங்கள் இங்கே எடுத்திருப்பது 1933 முதல் 1945 வரையான ஜேர்மன் புரட்டஸ்தாந்து திருச்சபையின் கதை.

எரியும் சுருள்

அந்தக் கதைக்குப் போக முன்னம் எரேமியாவைக் கொஞ்சம் ஞாபகப்படுத்த வேண்டும். பிறகு அவர் ஜேர்மனியிலும் வரப்போகிறார்.

பாபிலோன் பேரரசு எருசலேமை நெருங்கிக்கொண்டிருந்த காலம், கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். எரேமியா சொல்லச் சொல்ல பாருக் ஒரு சுருளில் எழுதுகிறார். அந்தச் சுருள் அரசன் யோயாக்கீமின் மாரிகால மாளிகையில் வாசிக்கப்படுகிறது. வாசிக்க வாசிக்க, அரசன் எழுத்தாளரின் கத்தியால் அதைத் துண்டு துண்டாக அறுத்து நெருப்பிலே போடுகிறான். எரேமியா புத்தகத்தின் 36ஆம் அதிகாரம் இதைச் சொல்கிறது. எரேமியா திரும்பவும் முழுவதையும் சொல்லி எழுதுவிக்கிறார்.

28ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோனின் நுகம் இரண்டு வருசத்துக்குள் முறிந்துபோகும் என்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறார். சனங்களுக்குப் பிடித்த பேச்சு அது. அனனியாவும் கர்த்தருடைய பெயரில்தான் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆக, கடவுளின் பெயர் சொல்லப்படுகிறதா என்பதை வைத்து மட்டும் எது உண்மையான எச்சரிப்பு என்று பிரிக்க ஏலாது. எரேமியா சொன்னது அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் அவருடைய சொந்தச் சனத்துக்கும் எதிராக இருந்தது. அன்னியனையும் திக்கற்றவனையும் விதவையையும் நசுக்கிக்கொண்டு ஆலயத்தை நம்பியிருக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம்.

1933: பழைய ஏற்பாடு வேண்டாம் என்றவர்கள்

1933 ஜனவரி 30 ஹிட்லர் ஜேர்மனியின் தலைமை அமைச்சரானார். அப்போது நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு புரட்டஸ்தாந்தர். அவர்கள் 28 பிராந்தியத் திருச்சபைகளாகப் பிரிந்திருந்தார்கள். யூதர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அந்தத் திருச்சபைகளுக்குள்ளே "ஜேர்மன் கிறிஸ்தவர்கள்" என்ற இயக்கம் ஏற்கெனவே வளர்ந்திருந்தது. இனம், இரத்தம், தேசம் ஆகியவையும் கடவுளின் வெளிப்பாடுதான், ஹிட்லர் கடவுள் அனுப்பிய ஆள், திருச்சபை அந்த விழிப்போடு சேர வேண்டும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. 1933 யூலையில் நடந்த திருச்சபைத் தேர்தலில் அவர்கள் பெரிய வெற்றி பெற்றார்கள். செப்டெம்பரில் அவர்களுடைய ஆளான லுட்விக் முல்லர் பேரரசுப் பிஷப் ஆனார். அதே மாதத்தில் பிரஷ்யத் திருச்சபையின் சினட், யூத வம்சாவளியில் வந்தவர்களும் அப்படியானவர்களை மணந்தவர்களும் குருமாராக இருக்க முடியாது என்று தீர்மானம் எடுத்தது. இதைத்தான் "ஆரியப் பிரிவு" என்றார்கள். ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் இரத்தம்தான் கணக்கு.

நவம்பர் 13 அன்று பேர்லின் விளையாட்டு அரங்கில் ஏறத்தாழ 20,000 பேர் கூடிய கூட்டத்தில் ரைன்ஹோல்ட் கிராவுசே என்பவர் பேசினார். பழைய ஏற்பாட்டைக் கைவிட வேண்டும், புதிய ஏற்பாட்டிலும் பவுலின் யூத இறையியலைக் களைய வேண்டும் என்றார். கைதட்டல் கிடைத்தது. ஆனால் அடுத்த நாட்களில் கனபேர் அந்த இயக்கத்தை விட்டு விலகினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். அயல்வீட்டு யூதரின் கடை ஏப்ரலிலேயே பகிஷ்கரிக்கப்பட்டிருந்தது. யூத அரச ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அப்போது கலங்காதவர்கள், வேதாகமத்தில் கை வைத்தவுடன் கலங்கினார்கள். புத்தகத்துக்கு வந்த ஆபத்து கண்ணில் பட்டது. அந்தப் புத்தகம் யாரைப் பற்றிப் பேசுகிறதோ, அந்த ஆட்களுக்கு வந்த ஆபத்து அவ்வளவாகப் படவில்லை.

பார்மென்

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1933 செப்டெம்பரில் மார்ட்டின் நீமொல்லர் என்ற பேர்லின் போதகர் குருமாரின் அவசரச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஜனவரிக்குள் ஏறத்தாழ 7,000 போதகர்கள் அதில் சேர்ந்தார்கள். அதிலிருந்து "அறிக்கையிடும் திருச்சபை" என்ற இயக்கம் உருவானது.

1934 மே 29 முதல் 31 வரை, பார்மென் நகரத்தில் லூத்தரன், சீர்திருத்த, ஐக்கியத் திருச்சபைகளைச் சேர்ந்த 139 பிரதிநிதிகள் கூடினார்கள். ஆறு கூற்றுகள் கொண்ட ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதன் முதல் வரைவைப் பெரும்பாலும் எழுதியவர் இறையியலாளர் கார்ல் பார்த். கூட வேலைசெய்த இரண்டு லூத்தரன்மார் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிட, தான் கடும் கோப்பியும் பிரேசில் சுருட்டுமாக இருந்து எழுதி முடித்ததாக அவர் பிறகு பகிடியாகச் சொன்னார்.

பிரகடனத்தின் அமைப்பே ஒரு செய்தி. ஒவ்வொரு கூற்றும் வேதவசனத்தோடு தொடங்கும். பிறகு அதிலிருந்து என்ன நம்புகிறோம் என்று சொல்லும். கடைசியில் எதை நிராகரிக்கிறோம் என்று சொல்லும். முதற் கூற்றின் சாரம் இது: வேதாகமம் சாட்சி சொல்கிற இயேசு கிறிஸ்துவே நாங்கள் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய ஒரே தேவ வார்த்தை. அவருக்குப் பக்கத்தில் வேறு சம்பவத்தையோ வல்லமையையோ ஆளையோ வெளிப்பாடாக வைக்க முடியாது. 1934இல் இதை அச்சில் போடுவது லேசான வேலை இல்லை. அடுத்த வருசமே பார்த் பொன் பல்கலைக்கழக வேலையை இழந்து சுவிற்சர்லாந்துக்குத் திரும்பினார்.

ஆனால் பார்மென் பிரகடனம் முழுவதிலும் யூதர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருச்சபையின் சுதந்திரம், திருச்சபையின் போதனை, திருச்சபையின் ஆட்சிமுறை எல்லாம் இருக்கின்றன. தெருவில் அடிபடுகிற மனிசன் இல்லை. வசனத்துக்கு உண்மையாக நிற்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவம் கொடுத்த மிக உறுதியான பதில்களில் இது ஒன்று. அதிலேயே இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்பதைத்தான் நாங்கள் இந்தக் கட்டுரையில் விளங்கிக்கொள்ளப் பார்க்கிறோம்.

ஒரு ரீச்சர் எழுதிய அறிக்கை

யாரும் சொல்லவில்லை, அதனால் தெரியவில்லை என்று சொல்ல ஏலாது. சொல்லப்பட்டது.

டீட்ரிக் பொன்ஹோஃபர் 1933 ஏப்ரலிலேயே யூதர் பிரச்சினையில் திருச்சபையின் பொறுப்பு என்ன என்று ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 27. அரசாங்கத்திடம் கேள்வி கேட்பது, பாதிக்கப்பட்டவர் கிறிஸ்தவர் இல்லையென்றாலும் உதவுவது, தேவையென்றால் ஓடுகிற சக்கரத்துக்குள்ளேயே தடியைச் செருகி அதை நிறுத்துவது என்று மூன்று படிகளை அதில் வைத்தார். வாயில்லாதவனுக்காக வாயைத் திறக்கச் சொல்கிற நீதிமொழிகள் 31ஆம் அதிகார வசனத்தை 1934இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்தினார். இந்தக் காலத்தில் வேதாகமம் கேட்கிற ஆகக் குறைந்த விசயம் அதுதான் என்பது அவருடைய எண்ணம்.

பொன்ஹோஃபரை இன்றைக்குக் கனபேருக்குத் தெரியும். எலிசபெத் ஷ்மிட்ஸை அவ்வளவாகத் தெரியாது. 1893இல் ஹனாவ் என்ற ஊரில் பிறந்தவர். வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்று, பேர்லினில் பெண்பிள்ளைகளின் பாடசாலைகளில் படிப்பித்தவர். 1935இல் அவர் "அறிக்கையிடும் திருச்சபை"த் தலைவர்களுக்காக ஒரு நீண்ட அறிக்கை எழுதினார். யூதப் பிள்ளைகள் பாடசாலையில் எப்படி அவமானப்படுத்தப்படுகிறார்கள், கடைகளில் சாமான் கொடுக்க மறுக்கிறார்கள், பிழைக்கிற வழியே அடைபடுகிறது என்று விபரம் விபரமாக எழுதினார். பெயர் போடவில்லை. ஏறத்தாழ 200 பிரதிகளைத் தானே தயாரித்து விநியோகித்தார்.

அந்த அறிக்கையின் கூர்மை அதன் வேதவாசிப்பில் இருக்கிறது. ஆதியாகமத்தில் கடவுள் காயீனிடம் தம்பி ஆபேல் எங்கே என்று கேட்பார். காயீன் எனக்குத் தெரியாது, நான் என்ன அவனுக்குக் காவலாளியா என்று திருப்பிக் கேட்பான். இந்தக் கேள்வி எங்களிடம் வரும்போது, "அறிக்கையிடும் திருச்சபை"க்கும் காயீனின் பதிலைத் தவிர வேறு பதில் மிஞ்சாது என்று ஷ்மிட்ஸ் எழுதினார். பிரகடனம் எழுதிய சபைக்கே அவர் இதைச் சொன்னார் என்பது முக்கியம்.

அவர் எதிர்பார்த்த பகிரங்க வார்த்தை வரவில்லை. அடுத்த வருசம், 1936இல், அந்தத் திருச்சபையின் தலைமை ஹிட்லருக்கே நேரடியாக ஒரு மனு அனுப்பியது. அதில் யூத வெறுப்பைக் கண்டிக்கிற பகுதி இருந்தது. ஆனால் மனு வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குப் போனதும் தலைமை பின்வாங்கியது. கைது செய்யப்பட்ட அலுவலகத் தலைவர் ஃப்ரீட்ரிக் வைஸ்லர் யூத வம்சாவளியில் வந்த கிறிஸ்தவர், முன்னாள் நீதிபதி. அவருக்காகத் தலைமை உறுதியாக நிற்கவில்லை. 1937 பெப்ரவரியில் சக்சன்ஹவுசன் வதைமுகாமில் அவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

1938 நவம்பர்: அந்த நாளுக்குரிய வசனம்

1938 நவம்பர் 9 இரவு ஜேர்மனி முழுவதும் யூத ஜெபாலயங்கள் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பொன்ஹோஃபர் தன்னுடைய வேதாகமத்தில் 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்துக்குப் பக்கத்தில் அந்தத் திகதியைக் குறித்து வைத்தார். தேசத்தில் இருந்த கடவுளின் கூடுமிடங்களை எதிரிகள் எரித்ததைப் பற்றிய வசனம் அது. யூதருடைய ஜெபாலயத்தை "கடவுளின் கூடுமிடம்" என்று வாசிப்பதே அந்த நாட்டில் அன்றைக்கு ஒரு எதிர்ப்பு.

இதே நாட்களில் துரிங்கியப் பிஷப் மார்ட்டின் சாசே ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஜெபாலயங்கள் எரிந்த நவம்பர் 10 மார்ட்டின் லூத்தரின் பிறந்தநாள் என்று அதில் பெருமைப்பட்டு, யூதருக்கு எதிராக லூத்தர் எழுதியவற்றைத் திரட்டிக் கொடுத்தார். "வேதாகமம் மட்டும்" என்று சொன்ன சீர்திருத்தத் தந்தையே 1543இல் ஜெபாலயங்களை எரிக்கச் சொல்லி எழுதியிருந்தார் என்பது எங்களுக்குக் கசப்பான உண்மை. ஒளிக்க ஏலாது.

ஒரு கிழமை கழித்து நவம்பர் 16, ஜேர்மன் புரட்டஸ்தாந்தரின் மனந்திரும்புதல் நாள். வூர்ட்டம்பேர்க்கில் ஒபர்லெனிங்கன் என்ற சிறிய ஊரில் யூலியஸ் ஃபொன் யான் என்ற போதகர் பிரசங்க பீடத்தில் ஏறினார். அந்த நாளுக்கென்று குறிக்கப்பட்டிருந்த வசனம் எரேமியா 22:29. தேசத்தை மூன்று தரம் கூப்பிட்டு, கர்த்தருடைய வார்த்தையைக் கேள் என்று சொல்கிற வசனம். அவர் தேடி எடுத்த வசனம் இல்லை. பட்டியலில் இருந்தது. அதே வசனம் வேறு எத்தனையோ போதகர்மாருக்கு முன்னாலும் இருந்தது. பொதுவாகப் பேசி முடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

ஃபொன் யான் அப்படிச் செய்யவில்லை. வேறு சனத்துக்குப் புனிதமான ஆலயங்கள் எரிக்கப்பட்டதையும், எந்தக் குற்றமும் செய்யாதவர்கள் இனத்துக்காக முகாம்களில் அடைக்கப்பட்டதையும் வெளிப்படையாகச் சொன்னார். இது கடவுளின் தண்டனையை வரவழைக்கிற பாவம் என்றார். எரேமியாவின் எச்சரிப்பைத் தன் ஊருக்கும் தன் நாட்டுக்கும் வந்த எச்சரிப்பாக வாசித்தார்.

நவம்பர் 25 ஒரு கும்பல் வந்து அவரை இழுத்துப்போட்டு அடித்தது. பிறகு சிறை. அடுத்த வருசம் ஸ்ருட்கார்ட் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு 16 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவருடைய பிஷப் தியோஃபில் வூர்ம், 1938 டிசெம்பரில் நீதி அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் அந்த வன்முறையைப் பற்றிக் கவலை தெரிவித்தார். ஆனால் யூதரை எதிர்க்கிற அரசின் உரிமையைத் தான் கேள்விக்குட்படுத்தவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதினார். வூர்ம் "ஜேர்மன் கிறிஸ்தவர்கள்" பக்கம் இல்லை. அவர்களோடு மோதி வீட்டுக்காவலில் இருந்தவர். அவராலும் அந்த இடத்தில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

ஷ்மிட்ஸ் என்ன செய்தார்? இனி இந்த அரசின் பாடசாலையில் மனச்சாட்சியோடு படிப்பிக்க முடியாது என்று ஓய்வு கேட்டு எழுதிப்போட்டு வேலையை விட்டார். பிறகு தன் வீட்டிலும் நகருக்கு வெளியே இருந்த சிறிய வீட்டிலும் யூதரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்.

அல்லேலூயா இல்லாத பாட்டுப் புத்தகம்

மற்றப் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1939 மே மாதம், ஐசனாக் நகரில் ஒரு திருச்சபை நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜேர்மன் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் செல்வாக்கை ஆராய்ந்து நீக்குவதுதான் அதன் வேலை. தொடக்க விழா வார்ட்பேர்க் கோட்டையில் நடந்தது. 1521இலும் 1522இலும் லூத்தர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜேர்மனில் மொழிபெயர்த்த அதே கோட்டை.

அதன் கல்விப் பொறுப்பாளர் வால்டர் குருண்ட்மன் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். 1940இல் அந்த நிறுவனம் யூத அடையாளங்கள் களையப்பட்ட ஒரு புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. அடுத்து வந்த பாட்டுப் புத்தகத்தில் அல்லேலூயா, ஓசன்னா போன்ற எபிரேயச் சொற்களும் எடுக்கப்பட்டிருந்தன. இதைச் செய்தவர்கள் எழுத்தறிவில்லாத கும்பல் இல்லை. கிரேக்கமும் எபிரேயமும் படித்த அறிஞர்கள். யோயாக்கீமின் கையில் இருந்ததும் எழுத்தாளரின் கத்திதான்.

மாரிகாலத்துக்கு முன்

1939 ஜூனில் பொன்ஹோஃபர் நியூயோர்க் போய்ச் சேர்ந்தார். யுத்தம் வரப்போகுது, ஹிட்லரின் படையில் சேர அவருக்கு மனமில்லை. நண்பர்கள் அங்கே வேலை ஒழுங்கு செய்திருந்தார்கள். ஆனால் அவருக்கு நித்திரை இல்லை. ஜூன் 26 அவர் வாசித்த பகுதியில், பவுல் தீமோத்தேயுவை மாரிகாலத்துக்கு முன் வந்து சேரச் சொல்கிற ஒரு வரி இருந்தது. சிறையிலிருக்கிற ஒருவர் தன் நண்பருக்கு எழுதிய சாதாரண வரி. அது நாள் முழுக்கத் தன்னை விடவில்லை என்றும், அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்வது வேதத்தைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகாது என்றும் நாட்குறிப்பில் எழுதினார். யூலை தொடக்கத்தில் கப்பலேறித் திரும்பினார்.

வசனத்தை இப்படித் தனக்கென்று எடுப்பது ஆபத்தான வழக்கம் என்று எங்களில் சிலர் நினைக்கலாம். நியாயம்தான். காலையில் கண்ணில் பட்ட வரியை வைத்துத் தனக்கு விருப்பமானதைச் செய்கிறவர்களை எங்களுக்கும் தெரியும். ஆனால் அவர் எடுத்த வரி அவரைப் பாதுகாப்பிலிருந்து ஆபத்துக்குள்ளே அனுப்பியது. 1943 ஏப்ரலில் கைதானார். 1945 ஏப்ரல் 9 ஃப்ளொசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39.

பிறகு வந்த பதில்கள்

யுத்தம் முடிந்து 1945 ஒக்டோபரில் ஜேர்மன் திருச்சபைத் தலைவர்கள் ஸ்ருட்கார்டில் குற்றத்தை ஏற்று ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். போதுமான துணிவோடு நாங்கள் அறிக்கையிடவில்லை, ஜெபிக்கவில்லை, நேசிக்கவில்லை என்ற கருத்து அதில் இருந்தது. அதிலும் யூதர் என்ற சொல் இல்லை. 1967இல் கார்ல் பார்த், பொன்ஹோஃபரின் வரலாற்றை எழுதிய எபெர்ஹார்ட் பெத்கேக்கு ஒரு கடிதம் எழுதினார். 1934இல் யூதர் பிரச்சினையைத் தீர்மானமான விசயமாகத் தான் முன்வைக்காததைத் தன் குற்றமாக நீண்ட காலமாக உணர்வதாக அதில் சொன்னார். அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது.

ஷ்மிட்ஸ் 1977இல் இறந்தார். செத்தவீட்டுக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். அவருடைய அறிக்கை பல காலம் இன்னொரு பெண்ணின் பெயரில் வரலாற்று நூல்களில் இருந்தது. 1999இல்தான் உண்மையான ஆசிரியர் யார் என்பது வெளியில் வந்தது. 2004இல் ஹனாவ் தேவாலயமொன்றின் நிலவறையில் அவருடைய பழைய தோற்பை கிடைத்தது. உள்ளே அந்த அறிக்கையின் கையெழுத்து வரைவு இருந்தது.

இந்த வரலாறு எங்களுக்கு முற்றிலும் அந்நியமானதும் இல்லை. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் தொடங்கியபோது, அங்கே கார்ல் பார்த் உரையாற்றினார். அதே பேரவையின் தொடக்க ஆராதனையில் பிரசங்கித்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த போதகர் டி. டி. நைல்ஸ். அந்த யுத்தத்தின் சாம்பலிலிருந்து திருச்சபை என்ன படிக்க வேண்டும் என்ற உரையாடலில் எங்கட ஊர்க்காரரும் இருந்திருக்கிறார்.

ஆகவே அந்தப் பாடம் எங்களுக்குமானது. சிறுபான்மையாகவும் பாதிக்கப்பட்டவர்களாகவும் வாழ்ந்த எங்களுக்கு வேதாகமத்தை வாசிக்கும்போது எப்போதும் ஆபேலின் இடத்தில் நின்று வாசிப்பது சுலபம். அது பல இடங்களில் உண்மையும்கூட. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் வெளியேற்றப்பட்டதை நினைக்கும்போது, சாதி பார்த்துப் பழகுகிற எங்கட சபைகளை நினைக்கும்போது, ஷ்மிட்ஸ் எடுத்த கேள்வி எங்களிடமும் வருகிறது. ஜேர்மனியில் நடந்ததும் இவையும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. கேள்வி ஒன்றுதான்.

வசனத்தை மாற்றாமல் காப்பது ஒரு பாதி வேலை. ஐசனாக் அறிஞர்கள் அதிலேயே தோற்றார்கள். பார்மென் ஆட்கள் அதில் வென்றார்கள், மற்றப் பாதியில் தடுமாறினார்கள். ஒபர்லெனிங்கன் போதகர் அந்த நாளுக்குரிய பட்டியலில் என்ன இருந்ததோ அதையே வாசித்து, அது தன்னுடைய ஊருக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார். அடுத்த தரம் சபையில் எச்சரிப்பு வசனம் ஒன்று வாசிக்கப்படும்போது, இது யாருக்கு என்று பக்கத்து வாங்கில் இருக்கிறவரைப் பார்க்க முன்னம், ஆபேல் எங்கே என்று எங்களையே கேட்டுப் பார்ப்போம்.